தரையைப் பார்த்தவர் சாட்சி சொல்ல வந்தால்

குற்றாலத்தில் கட்டட வேலைக்குச் சாரல்தான் கெடு. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கி ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால், ஆகஸ்ட் வரை விடுதி அறைகளுக்கு ஆள் காத்து நிற்கும். அதனால் ஐந்தருவிச் சாலையிலும் பழைய குற்றாலம் பக்கமும் விடுதி கட்டுகிறவர்கள் மே முடிவதற்குள் சாவியைக் கேட்பார்கள். ஒப்பந்தக்காரரும் சரி என்று தலையாட்டுவார். அவசரம் முதலில் கை வைப்பது, கான்கிரீட்டும் கலவையும் காய வேண்டிய நாட்களில். சீசன் கூட்டம் வடிந்த பிறகு பார்த்தால் நடக்க நடக்கத் தரை டொக்கு டொக்கென்று சத்தம் போடும். குளியலறைச் சுவரோரம் ஓதம் ஏறி உப்பு பூத்திருக்கும். கூடத்தின் நடுவே இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டித் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஒப்பந்தக்காரர் சாமான் சரியில்லை என்பார். கடைக்காரர் போட்ட விதம் சரியில்லை என்பார். கொத்தனாரோ, “குடுத்த சாமானைச் சொன்ன நாளுக்குள்ள போட்டுக் குடுத்தேன் அண்ணாச்சி” என்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அந்த உண்மையைப் பங்கு பிரித்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அப்படிச் சொல்லக்கூடியவர், தரைகளைப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஆய்வாளர். அவர் நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியாக நிற்கச் சட்டம் இடம் தருகிறதா, நிற்பதற்கு அவர் எதை மாற்றிக்கொள்ள வேண்டும், அப்படி ஒருவர் வந்தால் குற்றாலம் இருக்கும் தென்காசி போன்ற மாவட்டத்துக்கு உண்மையில் பயன் உண்டா ஆகியவற்றை இந்தக் கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டம் அவருக்குத் தடை போடவில்லை. பட்டமும் பெரிய தடை இல்லை. பழைய தரையை உடைத்துக் குப்பையில் கொட்டிய பிறகுதான் எல்லோரும் நிபுணரைத் தேடுகிறார்கள் என்பதே பெரிய தடை.

பார்ப்பதும் காரணம் சொல்வதும்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தரை ஆய்வு ஒரு தனித் தொழில். வாடிக்கையாளர் புகார் சொன்னால் தயாரிப்பு நிறுவனமோ கடையோ வெளியாள் ஒருவரை அனுப்பும். அவர் பார்த்து அறிக்கை தருவார். அந்த அறிக்கைகளில் சில வழக்குக்குப் போக, எழுதியவரும் பின்னாலேயே சாட்சிக் கூண்டுக்குப் போவார். நம் ஊரில் இந்த வேலை பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. டைல்ஸ் நிறுவனத்தின் கள ஊழியர், அடுக்ககங்களைச் சாவி வாங்கும் முன் சோதித்துத் தருபவர், கட்டட மேற்பார்வைப் பொறியாளர், பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்றவர், முப்பது வருடம் டைல்ஸ் போட்டுக் கை பழகிய மேஸ்திரி என்று ஆளுக்கொரு துண்டு.

ஆய்வாளரின் வழக்கமான அறிக்கை ஒரு பட்டியல். மட்டம் எவ்வளவு தவறியிருக்கிறது, குளியலறை வாட்டம் வடிகாலை நோக்கி இருக்கிறதா, இணைப்பு இடைவெளி ஒரே அளவா, எத்தனை டைல்ஸ் தட்டினால் வெற்றாக ஒலிக்கின்றன, எங்கே ஈரம். எல்லாம் கண்ணெதிரே இருப்பவை. நீதிமன்றம் இதற்கு அடுத்த கேள்விகளைக் கேட்கிறது. இது ஏன் வந்தது, எப்போது தொடங்கியிருக்கும், யார் செய்த அல்லது செய்யாத காரியத்தால், சரிசெய்ய என்ன ஆகும், வேறு காரணம் இருக்க முடியாதா? முதல் பட்டியலில் கெட்டிக்காரரான பலர் இரண்டாவதில் தடுமாறுவார்கள். இரண்டாவதற்கு, தன் முடிவைத் தானே எதிர்த்துக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

சட்டத்தில் உள்ள வழிகள்

1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல் ரேகை ஆகியவற்றில் தனித்திறன் பெற்றவரின் கருத்தை ஏற்றது. டைல்ஸ் போடுவது அறிவியலா கலையா என்று எதிர்த்தரப்பு இழுத்தடிக்க அதில் இடமிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம், 39-ஆம் பிரிவில் ‘வேறு எந்தத் துறையும்’ என்பதையும் சேர்த்துவிட்டது. பழைய பிரிவும் சரி, புதிய பிரிவும் சரி, பட்டம் கேட்கவில்லை. அந்தத் துறையில் தனித்திறன் உண்டா என்றுதான் கேட்கின்றன. நிபுணர் தன் கருத்துக்கு என்ன அடிப்படை வைத்திருக்கிறார் என்பதையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று புதிய சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. தரை வழக்கில் உயிர்நாடி இந்த அடிப்படைதான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வேறு வழிகள் உண்டு. கட்டளை 26, விதி 9-இன்படி நீதிமன்றம் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்த்துவரச் சொல்லலாம். அவர் அறிக்கை வழக்கின் சாட்சியமாகவே ஆகும். அவரை விசாரிக்கவும் செய்யலாம். 1976 திருத்தத்தில் வந்த விதி 10-ஏ, அறிவியல் ஆய்வுக்கென்றே ஆணையரை நியமிக்க இடம் தருகிறது. நடைமுறையில் ஆணையராக வருபவர் பெரும்பாலும் இளம் வழக்கறிஞர். துணைக்கு ஒரு பொறியாளரையோ சர்வேயரையோ அழைத்து வருவார். இரு தரப்பும் மெமோ கொடுக்கும். அறைக்கு அறை போய் விரிசலை அளந்து, சீர்செய்யும் செலவைப் போட்டு அறிக்கை தருவார்கள். காரணம் பற்றி அதில் ஒரு வரி இருந்தால் அதிசயம். ஆணையரை ஒரு தரப்புக்கு ஆதாரம் திரட்டித் தர அனுப்ப முடியாது என்று நீதிமன்றங்கள் அடிக்கடி சொல்வதும் சேர்ந்துகொள்ள, ‘ஏன்’ என்ற கேள்வி அனாதையாகிவிடுகிறது.

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வழி விடுகிறது. நடுவர் மன்றமே நிபுணரை நியமிக்கலாம்; ஒரு தரப்பு கேட்டால் அவர் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரே டைல்ஸ், வேறு வேறு மன்றம்

குற்றாலத்துக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முதல், தென்காசியில் வீடு கட்டியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பக்கத்து மனையில் அதே கொத்தனார் அதே டைல்ஸைப் போட்ட விடுதிக்காரருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ நடுவரையோ தேட வேண்டும். வணிக வழக்கு என்ற வகையில் வந்து, மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், அவசரத் தீர்வு கேட்கும் வழக்கு தவிர மற்றவற்றில் முதலில் சமரசத்துக்கு உட்கார வேண்டும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சாவி கொடுத்த ஐந்து ஆண்டுக்குள் வரும் குறைகளை 30 நாளில் செலவின்றிச் சரிசெய்யச் சொல்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மனை 500 சதுர மீட்டரையும் வீடுகள் எட்டையும் தாண்டும் திட்டங்களுக்கானது. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டும் தென்காசிக்காரருக்கு அதில் வேலையில்லை.

மன்றம் மாறினால் நிபுணரின் வேலையும் மாறும். நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவெடுக்கும்; அறிக்கை தன் காலில் தானே நிற்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நிச்சயம். நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் செய்யலாம். ஆனால் ஆய்வகம் டைல்ஸைத்தான் சோதிக்கும், தரையைச் சோதிக்காது. ஒவ்வொரு பொருளும் தேறி, எல்லாம் சேர்ந்த தரை தோற்பது இந்தத் தொழிலில் அன்றாடம் காணும் காட்சி.

ஒரு டைல்ஸை எடுத்துப் பார்த்தால்

நல்ல ஆய்வாளர் எடுத்த எடுப்பில் உளியைத் தூக்க மாட்டார். அறையின் வரைபடத்தில் ஒவ்வொரு டைல்ஸுக்கும் எண் போடுவார். மரச் சுத்தியால் ஒவ்வொன்றையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டி, வெற்றொலி வருபவற்றைச் சிவப்பில் குறிப்பார். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுப்பார். இரு தரப்பையும் வரவழைத்து, வெற்றாக ஒலிப்பது ஒன்று, கெட்டியாக ஒலிப்பது ஒன்று என்று இரண்டைச் சம்மதத்தோடு தேர்வு செய்வார். கெட்டுப்போனதை மட்டும் எடுத்தவரின் அறிக்கை குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. இணைப்பை அறுத்து, டைல்ஸை உடையாமல் கிளப்பி, புரட்டுவார்.

பின்பக்கத்தில் நாலு மூலைக்கும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவை ஒட்டியிருந்தால், முழுப் பரப்பிலும் பரப்பாமல் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தர விதி உலர்ந்த உள்தரைக்கு 80 சதவீதமும், ஈரமாகும் இடத்துக்கு 95 சதவீதமும் ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது. பின்பக்கம் துடைத்தாற்போல் இருந்தால் வேறு கதை. விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. நம் கொத்தனார்கள் மொசைக் காலத்திலிருந்து பழகிய சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. அதற்கென்று பசை இருக்கிறது, பசைக்கு ஐ.எஸ். 15477 என்ற தரமும் இருக்கிறது. சூளையிலிருந்து வந்த வெள்ளைப் பொடியைத் துடைக்காமல் போட்டாலும் ஒட்டாது. அடியில் உள்ள கலவை விரலில் பொடிந்தால் கலவையிலோ நீராற்றலிலோ குறை. கலவைக்கும் அடியில் இடைவெளி தெரிந்தால் கீழே நிரப்பிய மண், அதாவது பில்லிங், இறங்கியிருக்கிறது. நஞ்சை நிலத்தை மனையாக்கி மண் கொட்டி, கெட்டிக்காமல் கட்டிய வீடுகளில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டைல்ஸ் தூக்கிக்கொண்டு நிற்கும் தரையில் சுவரோரத்தைப் பார்க்க வேண்டும். விரிந்து கொடுக்க இடமே விடாமல் சுவரை முட்டி இணைப்பை அடைத்திருப்பார்கள். வட அமெரிக்க டைல்ஸ் கையேடு உள்தரையில் அதிகபட்சம் 25 அடிக்கும், வெயிலும் ஈரமும் படும் தரையில் 12 அடிக்கும் ஓர் அசைவு இணைப்பு கேட்கிறது. நம் ஊரில் அப்படி விட்டால் வீட்டுக்காரர் அதையே குறை என்பார்.

இப்படிப் பார்த்தால் ஒவ்வோர் அடையாளமும் வேறு வேறு ஆளைக் காட்டுகிறது. வளைந்த டைல்ஸ் தயாரிப்பாளரை, பசை வேண்டும் என்று சொல்லாமல் விற்றது கடையை, உருண்டை வைத்தது கொத்தனாரை, இறங்கிய பில்லிங் ஒப்பந்தக்காரரை, பசைக்கு எதற்குக் காசு என்று மறுத்ததும் மே மாதக் கெடுவும் உரிமையாளரையே. தன்னை அழைத்தவரையே காட்டும் அடையாளத்தையும் எழுதுகிறவர்தான் நிபுணர்.

ஈரத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு புறமும் ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பார்க்கும் சோதனை, ஈரம் இருக்கிறது என்று சொல்லும். எங்கிருந்து என்று சொல்லாது. ஒரு பக்கம் மட்டும் காயும் கான்கிரீட்டில் தடிமனில் 40 சதவீத ஆழம் துளைத்து, உணரியை மூடி வைத்து 24 மணி நேரம் கழித்துப் படிக்கும் முறை நம்பகமானது. ஆனால் சாரல் நாளில் எடுத்ததா, காற்று காய்ந்த பங்குனியில் எடுத்ததா என்று குறிக்காத அளவு யாருக்கும் பயன்படாது. குழாய்க் கசிவா, தரையடி ஓதமா என்று பிரிக்கக் குழாய்க்கு அழுத்தச் சோதனையும் குளியலறைக்குத் தண்ணீர் கட்டிச் சோதனையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

விடுதிகளில் இன்னொரு வகை வழக்கும் வரலாம்: வழுக்கி விழுந்தவர் கேட்கும் நட்டஈடு. ஊசல் கருவியால் ஈரத்தரையைச் சோதித்து 36-ஓ அதற்கு மேலோ வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு என்பது பிரிட்டனில் உள்ள அளவு. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வரும் ஊரில் தண்ணீரை மட்டும் ஊற்றிச் சோதித்தால் விபத்து நடந்த தரையைச் சோதித்ததாகாது.

கண்ணும் கையும் போதுமா

நிபுணர் சாட்சியத்தின் வரலாற்றில் 1782-ஆம் ஆண்டு ஃபோக்ஸ் எதிர் சாட் வழக்குக்குத் தனி இடம் உண்டு. இங்கிலாந்தில் வெல்ஸ் துறைமுகம் தூர்ந்ததற்கு ஒரு கரை காரணமா என்பது பிரச்சினை. எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய, நீருக்குள்ளும் இறுகும் சுண்ணாம்பை ஆராய்ந்த ஜான் ஸ்மீட்டனின் கருத்தை ஏற்கலாம் என்றார் மேன்ஸ்ஃபீல்டு பிரபு. கட்டுமானக்காரரின் அனுபவம் அன்றே மதிக்கப்பட்டது.

அனுபவத்துக்கு எல்லை போட்டதும் நீதிமன்றம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-இல் கும்ஹோ டயர் வழக்கில், டயரைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் காரணம் சொன்ன ஆய்வாளரின் சாட்சியத்தை விசாரணை நீதிபதி ஒதுக்கியது சரி என்றது. அறிவியலாளருக்குள்ள நம்பகத்தன்மைச் சோதனை தொழில்நுட்ப அனுபவசாலிக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். அதே 1999-இல் நம் உச்ச நீதிமன்றம் இமாச்சலப் பிரதேசம் எதிர் ஜெய் லால் வழக்கில், ஆப்பிள் விளைச்சலை மதிப்பிட்ட தோட்டக்கலை அதிகாரியை நிபுணராக ஏற்க மறுத்தது. பதவியும் பட்டமும் இருந்தன. விளைச்சல் மதிப்பீட்டில் தனிப் பயிற்சியோ அனுபவமோ காட்டப்படவில்லை. நிபுணர் தன் முடிவைச் சரிபார்க்கத் தேவையான அளவுகோலையும் நீதிபதி கையில் கொடுக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் பாடம். 2009-இல் ரமேஷ் சந்திர அகர்வால் எதிர் ரீஜன்சி மருத்துவமனை வழக்கிலும் அது அழுத்தமாக வந்தது.

தரை ஆய்வாளருக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. பட்டம் பெற்ற பொறியாளர் வந்து, ‘டைல்ஸ் எப்போதாவது போட்டிருக்கிறீர்களா, எத்தனை தரையைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்’ என்ற கேள்வியில் விழலாம். முப்பது வருட மேஸ்திரியோ, ‘என் அனுபவத்தில் சொல்கிறேன்’ என்பதற்கு மேல் காட்ட ஒன்றும் இல்லாமல் விழலாம். எழுதிவைத்த அனுபவம்தான் நிற்கும். பார்த்த தரைகளின் பதிவேடு, எடுத்த அளவுகள், கருவியின் சரிபார்ப்புச் சான்று, பின்பற்றிய தரத்தின் எண் ஆகியவைதான் ஆய்வாளரை நிபுணராக்கும் முதலீடு.

எல்லை தெரிவதும் தகுதியில் சேர்த்திதான். 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்தபோது அரசு சென்னை ஐ.ஐ.டி.யை அழைத்தது. 2022 பிப்ரவரியில் குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ அடுக்ககத்தின் ஒரு பகுதி இடிந்த பிறகு டில்லி ஐ.ஐ.டி. கான்கிரீட்டில் குளோரைடைக் கண்டது. கம்பி அரிப்பும் தூண் வலிமையும் அத்தகைய ஆய்வகங்களின் வேலை. தரையில் விரிசல் பார்க்கப் போனவர் பீமைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தால், அந்த இரண்டு வரியைப் பிடித்தே முழு அறிக்கையையும் கவிழ்ப்பார்கள்.

யாருக்குக் கடமை

ஆய்வாளருக்குக் கட்டணம் கொடுப்பவர்தான் முதலாளி. நிபுணருக்கும் ஒரு தரப்புதான் பணம் தரும், ஆனால் கடமை நீதிமன்றத்துக்கு. 1993-இல் இக்காரியன் ரீஃபர் கப்பல் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் இதை விரிவாக எழுதிவைத்தது. அங்குள்ள நடைமுறை விதிகளில் அது பின்னர் இடம்பெற்றது. 2011-இல் ஜோன்ஸ் எதிர் கேனி வழக்கில், கவனக்குறைவான நிபுணர் மீது அவரை அமர்த்தியவரே வழக்குப் போடலாம் என்ற நிலையும் வந்தது. நம் ஊரில் இப்படிக் கோர்த்தெழுதிய விதி இல்லாததால் ஒழுக்கத்தை அவரவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெயித்தால் பங்கு என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. டைல்ஸ் நிறுவனத்திடம் மாதச் சம்பளம் வாங்கினால், வாங்கியிருந்தால், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். வாய்மொழியாக வீட்டுக்காரரிடம் சொன்னதும் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்ன ஊரில் கடைக்காரர் உறவினராக இருப்பார், ஒப்பந்தக்காரர் கூடப் படித்தவராக இருப்பார். ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்குவதும் தொழிலில் சேர்த்தி.

சின்ன வழக்குக்குத் தாங்குமா

ஆயிரம் சதுர அடித் தரைக்காக நடக்கும் வழக்கில் இரு தரப்பும் ஆளுக்கொரு நிபுணரைக் கொண்டுவந்தால், அவர்கள் கட்டணம் தரையின் விலையைத் தின்றுவிடும். கூண்டில் வாதாடும் நிபுணர் என்ற மேலைநாட்டு உருவம் மாவட்ட அளவில் கட்டுப்படியாகாது. அதனால் ஆய்வாளர் நிபுணராகும் பாதையை நீதிமன்றத்தில் முடியும் பாதையாக மட்டும் பார்ப்பது தவறு என்பது என் வாதம். இங்கிலாந்தில் சிறு வழக்குகளுக்கு இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணரை வைக்க விதி இருக்கிறது. நம்மிடம் விதி 10-ஏ ஆணையரும், 2019 சட்டத்தின் நுகர்வோர் சமரச மையமும் ஏற்கெனவே உண்டு. மாவட்ட அளவில் தரை, பூச்சு, ஓதம், மின்வேலை என்று துறைவாரியாகத் தேர்ந்தவர்களின் பட்டியல் ஒன்றை நீதிமன்றமும் ஆணையமும் வைத்து, கட்டண வரம்பும் நிர்ணயித்தால் போதும். புதுச் சட்டம் வேண்டாம்.

கட்டுகிறவர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: தரையில் குறை என்று புகார் வந்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒருவர் பார்த்து, அளந்து, மாதிரியை முத்திரையிட்டு வைக்கும் வரை யாரும் ஒரு டைல்ஸையும் உடைக்கக் கூடாது, செலவு பாதிப் பாதி. அடுத்த சீசனுக்குள் அறையைத் திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் விடுதிக்காரர் தரையைப் பெயர்க்கிறார், பிறகு வழக்கறிஞரிடம் போகிறார். அதற்குள் ஆதாரம் லாரியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போய்விட்டது. வழக்குப் போட்ட பிறகு வரும் நிபுணர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் புகைப்படத்தைத்தான் பார்ப்பார். உடைப்பதற்கு முன் வரும் சாதாரண ஆய்வாளர், ஒழுங்காக அளந்து எழுதத் தெரிந்தவர் என்றால், பாதி வழக்குகள் நீதிமன்றப் படியேறாமலே முடிந்துவிடும். மீதிப் பாதியில் சாட்சி சொல்லவும் அவரைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இருக்கமாட்டார்.